ஆகாசமும் ஓட்ஸ் கஞ்சியும்

என் அக்கா வீட்டுக்காரரை வேலைத்தளத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆகாசம் என்றால்தான் தெரியும். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியைப் பிடித்து மேலே போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். சில நாள் அதற்கும் இறங்கமாட்டார். கேட்டால், "கீழ வந்தா உங்க மூஞ்சிய எல்லாம் பாக்கணுமே" என்பார். எனக்கு அவர் அத்தான். நான் தரையில் வாக்கிடாக்கியோடு நிற்கிற சிக்னல்காரன். தூக்கு, நிறுத்து, இடது, மெதுவா என்று நாள் முழுக்க அவருக்கு உத்தரவு போடுவதுதான் என் பிழைப்பு. அக்கா வீட்டில் கிடைக்காத மரியாதை எனக்கு அந்த வாக்கிடாக்கியில்தான் கிடைத்தது.

மனுஷன் வேலையில் கெட்டிக்காரர். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இரும்புக் கம்பிக் கட்டை இறக்குவார். இறக்கிவிட்டு அதே மூச்சில் என்னைத் "தண்டச்சோறு" என்று திட்டுவார். வாக்கிடாக்கி எல்லார் கையிலும் இருப்பதால் மொத்தத் தளமும் அதைக் கேட்டுச் சிரிக்கும். என்ன செய்வது, அக்காவைக் கொடுத்தாயிற்று.

அவருடைய கேபின் ஒரு கண்ணாடிப் பெட்டி. காலை நீட்டிப் படுக்க இடம் இருக்காது. ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடிகள், தலைக்கு மேல் ஒரு குட்டி மின்விசிறி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு காலி பாட்டில். காலி பாட்டில் எதற்கென்று நாகரிகமானவர்கள் கேட்கமாட்டார்கள். அந்த உயரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற முடியுமா?

அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து சில வருஷம் ஆயிற்று. எங்கள் தளத்தில் சர்க்கரை இல்லாத ஆளை டார்ச் அடித்துத்தான் தேட வேண்டும். கம்பி கட்டுகிறவர்களின் மேஸ்திரி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறார். ஸ்டோர்கீப்பர் ஏதோ இலையை அரைத்துக் குடித்துவிட்டு அதற்கு ஈடு செய்ய இரண்டு லட்டு தின்கிறார். வாட்ச்மேனோ "எனக்குச் சர்க்கரையே இல்ல, டெஸ்ட் எடுத்தாத்தான வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஆளுக்கு ஒரு வைத்தியம், ஆளுக்கு ஒரு பத்தியம். ஒருத்தன் செய்வதை இன்னொருத்தன் செய்யமாட்டான், ஆனால் ஊருக்கே சொல்லிக் கொடுப்பான்.

அத்தான் போவது அரசு ஆஸ்பத்திரியின் சர்க்கரைப் பிரிவுக்கு. துணைக்கு நானும் போயிருக்கிறேன். நீளமான கூடம், சுவரோரம் பெஞ்சுகள், விரல் நுனியில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி வரிசையாக மனிதர்கள். விரலில் குத்தி எடுத்த எண் நமக்கு முன்னாலேயே டாக்டரம்மாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அவர் எண்ணைப் பார்ப்பார், பிறகு மூன்று கேள்வி கேட்பார்.

"சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"நடக்கிறீங்களா?"

"நடக்கிறேங்க."

"மாத்திரைய விடாம போடுறீங்களா?"

"ஒரு வேளை தவற விடுறதில்லைங்க."

"அப்புறமும் குறையலையே" என்று டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டுவார். அடுத்த ஆள் அதற்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பான். கூட்டம் அப்படி. அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் மூன்றாவது கேள்விக்கு அத்தான் சொன்னது பச்சைப் பொய்.

நடந்தது இதுதான். மாத்திரை போட ஆரம்பித்த புதிதில் ஒருநாள் மேலே கேபினில் அவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது. கை நடுங்கி, சட்டை நனைந்து, எதிர்க் கட்டடம் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. நல்ல வேளை, பையில் குழந்தைகள் தின்னும் மிட்டாய் ஒன்று கிடந்தது. அதைச் சப்பி, தெளிந்து, ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் இறங்கி வந்தார். சொன்னால் கேபின் போய்விடும் என்று பயம். அந்தக் கண்ணாடிப் பெட்டியைவிட்டால் அவருக்கு வேறு உலகம் இல்லை. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்: வேலை நாளில் மாத்திரை கிடையாது. அக்கா கொடுப்பாள், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார், தெருமுனை திரும்பியதும் துப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். விடுமுறை நாளில் மட்டும் நோயாளி.

"சர்க்கரை ஏறினா ஒண்ணுக்குத்தான் வரும். எறங்கினா சாவு வரும். எது தேவலாம் நீயே சொல்லு" என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். அவர் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டாக்டரம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாதே. விழுங்காத மாத்திரை வேலை செய்யவில்லை என்று நம்பி அவர் கூட்டிக்கொண்டே போனார்.

கேபினில் ஒரு தகர டப்பா நிறைய மிட்டாய் சேர்ந்தது. அவசரத்துக்கு வைத்திருந்ததுதான், மாத்திரை போடாத நாளில் அவசரம் எங்கே வரும்? சும்மா தின்று தீர்த்தார். காலி பாட்டில் ஒன்று இரண்டானது.

இனி என் அக்கா. ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. விருந்தாளிகளின் பேனாவும் சாவியும் இயந்திரத்துக்குள் போய் வேலைக்கு உலை வைத்துவிடும் என்பதால், பையைத் துழாவாமல் ஒரு துணியைத் தண்ணீரில் நனைக்கமாட்டாள். அந்தக் கைப்பழக்கம் வீட்டிலும் விடாது. வழியில் வீசிவிட அத்தான் மறந்த ஒருநாள், அவர் சட்டைப் பையில் எச்சில் காய்ந்த மாத்திரைகள் அகப்பட்டன.

எங்கள் அப்பாவுக்கும் இதே வியாதி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணுக்கு வருஷக்கணக்கில் கட்டு மாற்றியவள் அக்கா. நான் வாசனை தாங்காமல் வாசலுக்கு ஓடிவிடுவேன். அதனால் அந்த மாத்திரைகளைப் பார்த்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேட்டா கத்துவாரு. கத்தினா சர்க்கரை ஏறும்" என்பது அவள் நியாயம். இந்தப் புருஷனுக்கு இந்தப் பெண்டாட்டி, இரண்டு பேரும் ஊமைக் கோட்டான்கள்.

அவள் செய்தது என்ன தெரியுமா? டாக்டர் எழுதிய அளவை அப்படியே கரண்டிக் காம்பால் பொடித்து, அத்தான் வேலைக்குக் கொண்டுபோகும் ஓட்ஸ் கஞ்சியில் கலந்துவிட்டாள். வழக்கம்போல மாத்திரையைக் கையிலும் கொடுத்தாள். கொடுக்காவிட்டால் சந்தேகம் வருமே. அதுதான் துப்பப்படப் போகிறதே என்று ஒரு தைரியம்.

முதல் நாள் அந்தக் கஞ்சியைக் குடித்தது நான். அத்தானுக்கு ஓட்ஸ் என்றாலே வேப்பங்காய். "இந்தா மாப்ள, உங்க அக்கா கலக்கின சிமெண்டு" என்று பிளாஸ்கை என்னிடம் தள்ளிவிடுவார். நான் சும்மா கிடைத்தால் எதையும் விடுகிறவன் இல்லை. அன்று முற்பகலில் எனக்குக் குப்பென்று வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. பசியென்றால் அப்படி ஒரு பசி, மேஸ்திரியின் சாப்பாட்டையும் பிடுங்கித் தின்றேன். வெயில் தலையில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் இரண்டு விஷயம் நடந்தது. வாட்ச்மேனின் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆணி குத்தியதே அவருக்குத் தெரியவில்லையாம். அடுத்து, பாதுகாப்பு அதிகாரி எல்லாரையும் நிறுத்திவைத்து ஓர் அறிவிப்பு சொன்னார். அவருக்குத் தொப்பி என்று பட்டப்பெயர். ஹெல்மெட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாதவர். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் உடம்பு பரிசோதனை வருகிறது, ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தால் கேபின் கிடையாது என்றார். அத்தான் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். வாட்ச்மேன் விரலை நினைத்து வருத்தப்படுகிறார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, கிரேன் ஏணிக்குக் கீழே, அத்தான் மிட்டாய் டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"இதெல்லாம் இனி நமக்கு வேணாம் மாப்ள. ஒழுங்கா இருக்கப்போறேன்."

சட்டைப் பையிலிருந்து மாத்திரைகளை எடுத்தார். வழக்கமாகத் துப்புகிறவர், அன்று அக்கா கொடுத்ததை வாயிலேயே போடாமல் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் கண்ணெதிரே விழுங்கினார். பிறகு பிளாஸ்கைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்ஸ் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நான் கைதட்டினேன். பெரிய மனுஷன் திருந்துகிறார் என்று எனக்குச் சந்தோஷம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் ஒரே மருந்தை இரண்டு வழியில் உள்ளே அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு வேலை, பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரக் குழிக்குக் கம்பிக் கட்டுகளை இறக்குவது. குழி ஆழம். உள்ளே மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே வர ஒரே ஓர் ஏணி. கேபினிலிருந்து பார்த்தால் குழியின் விளிம்பு தெரியும், அடி தெரியாது. அங்கே அவர் இறக்குவதெல்லாம் என் குரலை நம்பித்தான்.

முதல் கட்டுகள் ஒழுங்காகப் போயின. "தண்டச்சோறு, கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு நில்லு" என்றார். சிரித்தோம். கொஞ்ச நேரம் போனது. திட்டு நின்றுவிட்டது. நான் சொல்வதற்குப் பதிலாக வெறும் "ம்" வந்தது. பிறகு அந்த "ம்"மும் தாமதமாக வந்தது.

"அத்தான், என்ன தூக்கமா?"

"ம்."

கட்டு குழிக்கு மேலே வந்து இறங்கத் தொடங்கியது. மேஸ்திரி ஆட்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவா. மெதுவா. நிறுத்து."

நிற்கவில்லை.

"நிறுத்து அத்தான்! நிறுத்து!"

கட்டு இன்னும் இறங்கியது. சட்டென்று இறங்குவது நின்று, மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. கம்பி முனைகள் குழியின் சுவர்ப் பலகையில் இடித்துக் கட்டு ஒரு சுற்று சுற்றியது. ஆட்கள் மண்ணோடு மண்ணாகப் படுத்தார்கள். 

"கைய எடுங்க! ரெண்டு கையையும் எடுங்க அத்தான்!"

கைப்பிடியை விட்டுவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். வாக்கிடாக்கியில் அவர் மூச்சுதான் கேட்டது. பிறகு குழறலாக, "ஏன்டா கத்துற" என்றார். குடித்தவன் குரல். என் அத்தான் குடிக்கிறவர் இல்லை.

"மடியில வைங்க கைய. அக்கா மேல ஆணை, மடியில வைங்க."

கட்டு நின்றது. ஆட்கள் தலைக்குமேல், லேசாக ஆடிக்கொண்டு, நின்றது.

ஆட்கள் ஒவ்வொருத்தராக ஏணியில் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த மேஸ்திரி கிரேன் அடிக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். அதற்குப் பிறகு மேலே அவர் எதைத் தொட்டாலும் கட்டு அசையாது. எல்லாரும் மூச்சு விட்டோம். மேஸ்திரி திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தாளுக்குச் சர்க்கரை எறங்கிருச்சு. குரலைக் கேட்டாலே தெரியுது. எனக்கு வந்திருக்கு, எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் என் கால்சட்டைப் பையில் மிட்டாய் டப்பா கடகடவென்றது. அதைத் தொட்டதும் நேற்று எனக்கு வியர்த்தது ஞாபகம் வந்தது. வெயில் இல்லை. ஓட்ஸ்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"அக்கா, கஞ்சில என்ன போட்ட?"

இரைச்சலைவிட்டுத் தள்ளி வந்தாள் போலிருக்கிறது. பிறகு சொன்னாள். எவ்வளவு என்றும் சொன்னாள். "அவரு கையில குடுத்ததத் துப்பிருவாருடா, அதான்..."

"இன்னிக்கு முழுங்கிட்டாரு அக்கா. அதையும் முழுங்கிட்டு இதையும் குடிச்சுட்டாரு."

அவள் போட்ட கூச்சலை நான் முழுதாகக் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

இதற்குள் மேலே வேறு வம்பு. மின்சாரத்தை நிறுத்தியதும் கேபினில் விசிறியும் நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டி, வெயில் நேரம், உள்ளே சர்க்கரை இறங்கி வேர்த்துக்கொட்டுகிற மனிதர். வாக்கிடாக்கியில் கரகரவென்று குரல் வந்தது.

"வேகுது மாப்ள. நான் எறங்கி வரேன்."

அண்ணாந்து பார்த்தேன். கேபின் கதவு திறந்திருந்தது. அவருடைய பூட்ஸ் ஒன்று வெளியே ஏணிப்படியைத் தேடிக்கொண்டிருந்தது.

"வேணாம்! உக்காருங்க! அத்தான், உக்காருங்க!"

"உன் பேச்ச நான் ஏன்டா கேக்கணும்?"

நல்ல கேள்விதான். நாள் முழுக்கக் கேட்கிறவர் இன்றைக்குக் கேட்கமாட்டேன் என்கிறார். என்ன சொல்லி உட்காரவைப்பது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு வேலையே தெரியலைன்னு தொப்பி சொல்றாரு. நீங்க நல்லா நாலு வார்த்தை திட்டுங்க, அவரும் கேக்கட்டும். உக்காந்து திட்டுங்க."

பூட்ஸ் உள்ளே போனது.

"அவன் சொல்றது சரிதான். நீ... நீ ஒரு தண்டச்சோறு."

"அப்புறம்?"

"சோம்பேறி."

"அப்புறம் அத்தான்? இன்னும் சொல்லுங்க."

யாராவது மேலே போக வேண்டும். டீக்கடையிலிருந்து ஒரு பாட்டில் இனிப்புக் கலர் சோடா வாங்கிக்கொண்டு வந்து மேஸ்திரி நின்றார். அவரே போவதாகச் சொன்னார். ஆனால் அத்தான் காதில் விழுவது என் குரல் ஒன்றுதான். குரல் மாறினால் மறுபடியும் கதவைத் திறப்பார். எனக்கு நாற்காலியில் ஏறிப் பல்பு மாட்டினாலே தலை சுற்றும். அதனால்தான் தரையில் சிக்னல் வேலை பார்க்கிறேன். அதையெல்லாம் நினைக்க நேரம் இல்லை. பாட்டிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கட்டடத்தின் வெளிப்பக்க லிஃப்டில் ஏறினேன்.

உச்சித் தளத்திலிருந்து கிரேன் தூணுக்கு ஒரு குறுகலான பாலம். இரும்புக் கம்பிவலைத் தரை. காலுக்குக் கீழே அவ்வளவு தூரத்துக்கும் ஒன்றும் இல்லை, அது நன்றாகத் தெரியவும் தெரிகிறது. எந்தப் புண்ணியவான் அப்படி வடிவமைத்தானோ! ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் வாக்கிடாக்கியை வாயோடு வைத்துக்கொண்டு போனேன்.

"அத்தான், கேக்குதா? திட்டுங்க."

"...தடிமாடு."

"அப்புறம்?"

பாலம் முடிந்து தூணுக்குள் ஏணி. கை வேர்வையில் வழுக்கியது. வாக்கிடாக்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஏறினேன்.

"அத்தான்? அப்புறம் என்ன?"

பதில் இல்லை.

"அத்தான்! இன்னொரு தடவை சொல்லுங்க, சரியா விழலை!"

வெறும் கரகரப்பு. என் வாழ்க்கையில் அவர் என்னைத் திட்ட வேண்டுமென்று நான் ஏங்கிய ஒரே தடவை அதுதான். பயத்தில் அழுதுகொண்டே ஏறினேன், சொல்ல வெட்கமில்லை.

கேபின் கதவு மறுபடி திறந்து கிடந்தது. அத்தான் நாற்காலியில் சரிந்து, ஒரு கால் வெளியே தொங்க, கண் பாதி மூடி இருந்தார். முகம் ஈரச் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. காலை இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டு பேர் நிற்க இடமில்லை, அவர் முழங்காலில் ஏறக்குறைய உட்கார்ந்தேன். கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்து என்னை யாரோ மாதிரி பார்த்தார்.

"குடிங்க."

தலையைத் திருப்பிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். "வேணாம். ஒழுங்கா இருக்கப்போறேன்" என்றார். மயக்கத்திலும் பத்தியம்!

"டாக்டரம்மா குடிக்கச் சொன்னாங்க" என்று பொய் சொன்னேன். வாய் திறந்தது. ஒரு மடக்கு. இறங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்தேன். இன்னொரு மடக்கு. பாதி சட்டையில் வழிந்தது. பாட்டில் தீரும்வரை விடவில்லை. அப்புறம் காத்திருந்தேன். கீழே குனிந்து பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெல்ல அந்தக் கண்ணுக்குள் ஆள் வந்தார். சுற்றிலும் பார்த்தார். கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோனார், நான் பிடித்துக்கொண்டேன்.

"லோடு எங்க?"

"தொங்குது. அசையல."

"கீழ யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

"இருந்தாங்களா?"

நான் டப்பாவைத் திறந்து ஒரு மிட்டாயைக் கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் சப்பினார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "தண்டச்சோறு, நீ எப்பிட்றா மேல வந்த?" என்றார். நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மேஸ்திரியும் ஆட்களும் மேலே வந்து கைகொடுக்க, அத்தானை மெல்ல இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே உடனே விடவில்லை. இந்த வகை மாத்திரை தெளிந்த பிறகும் மறுபடி சர்க்கரையை இறக்கும் என்று சொட்டு மருந்து ஏற்றிப் படுக்கவைத்தார்கள். சர்க்கரைப் பிரிவு டாக்டரம்மாவே வார்டுக்கு வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் அக்கா, சலவைக்கூடத்து ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தவள். மறுபக்கம் நான்.

"நான் எழுதிக்குடுத்த அளவு இவ்வளவு எறக்காதே" என்றார் டாக்டரம்மா. "வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

 அக்கா ஏப்ரனின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் அத்தானைப் பார்த்தேன், அத்தான் சுவரைப் பார்த்தார்.

"நான்தாங்க கஞ்சில கலந்தேன்" என்றாள் அக்கா. "அவரு துப்பிருவாரு. பையில பாத்தேன்."

அத்தான் மெல்லத் தலையைத் திருப்பினார். இத்தனை வருஷமாகத் துப்பியது தெரிந்துபோனதா, கஞ்சியில் மருந்து கலந்தாளா, எதற்குக் கோபப்படுவது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் டாக்டரம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். புதிதில் ஒருநாள் மேலே மயக்கம் வந்தது, மாத்திரையை நிறுத்தியது, மிட்டாய், பாட்டில் எல்லாம்.

"மேலேன்னா? எங்க மேலே?" என்று டாக்டரம்மா கேட்டார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அன்றுதான் வந்தது. அத்தான் சொன்னார். டாக்டரம்மா நின்றபடியே இருந்தவர், பக்கத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கிரேன் ஓட்டுறவருக்கு இந்த மாத்திரைய நான் எழுதியிருக்கவே மாட்டேனே. தானா சர்க்கரைய ரொம்ப எறக்காத மருந்து வேற இருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று நான் பாய்ந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டிருக்கணும்தான்" என்றார். அதற்குமேல் நான் என்ன சண்டை போடுவது?

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகு தொப்பி பார்க்க வந்தார். ஆகாசத்தைப் போல ஓட்டுகிற ஆள் கம்பெனிக்குக் கிடைக்கமாட்டான் என்று அவருக்கும் தெரியும்.

"வெயில்ல மயக்கம்னு போட்டுக்கறேன். விசிறி சரியில்லன்னு சொல்லிருவோம். நாலு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு மேல ஏறுங்க. என்ன சொல்றீங்க?"

எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அத்தானுக்குக் கேபின் பிழைத்தது. தளத்தில் ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான், மேஸ்திரியிடம் நானே பேசி வைத்திருந்தேன். அக்கா அடுப்படி வாசலில் நின்று அத்தான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ரொம்ப நேரம் தன் கைகளைப் பார்த்தார், கைப்பிடி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள்.

"வெயில் இல்ல சார். சர்க்கரை" என்றார். "குழிக்குள்ள ஆளு இருந்தாங்க சார்."

தொப்பி அவசரப்பட்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"கட்டு எந்தப் பக்கம் போச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல சார். அதுதான் ஆச்சு."

கேபின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொப்பி கொஞ்ச நேரம் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது புது மருந்து. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கம்பெனி டாக்டர் "பின்னாடி பாக்கலாம்" என்கிறார், எப்போது என்று சொல்வதில்லை. மேலே வேறு ஓர் ஆள் ஓட்டுகிறான். அத்தான் என்னோடு தரையில் நிற்கிறார், கம்பிக் கட்டுகளுக்குக் கயிறு மாட்டுகிற வேலை. எல்லாரும் இன்னமும் ஆகாசம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சில சமயம் வேலைக்கு நடுவில் அண்ணாந்து கேபினைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். 

வேலைக்குப் போகும் வழியில் காலையில் அவர்கள் வீட்டில் எட்டிப் பார்ப்பேன். மாத்திரையை அத்தான் அக்கா கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டுகிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அடுத்து ஓட்ஸ் கஞ்சி வரும். சண்டை எதுவும் இல்லை, பேச்சும் சிரிப்பும் பழையபடிதான். ஆனால் கிண்ணம் மேசைக்கு வந்ததும் அத்தானின் கை ஒரு கணம் தயங்கும். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. அக்கா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள். முதல் கரண்டியை எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டு, கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளுவாள்.